இரண்டாம் தடவை கேட்பதில்லை

குருண் பக்கத் தோட்டம்
2603 ஜனவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நடராஜா எழுதுகிறேன். போன மாதம் வந்த காய்ச்சல் விட்டுவிட்டது, சாப்பாடு இறங்குகிறது. சுங்கைப் பட்டாணியில் நீ, அத்தான், குட்டி குணவதி மூவரும் சுகந்தானே?

மேலே இருக்கும் வருடத்தைப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. இனி மலாயாவில் நாற்பத்து மூன்று என்று எழுதக்கூடாதாம். ஜப்பான் முறைப்படி இன்று 2603 பிறந்திருக்கிறது.

காலையில் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிகள் ஏழு பேரையும் ஜப்பான் துரை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். இந்த வருடத்துக்கு மூன்று தீர்மானம் எழுத வேண்டும், அதுவும் செய்ய முடிந்ததை மட்டும். பெரிய கிராணி, தோட்டத்துக்காக உயிரையும் கொடுப்பேன் என்று எழுதி நீட்டினார். துரை அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவாய்? அதை எழுது" என்றார். பெரிய கிராணியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் எழுதியது இது. ஏப்ரலுக்குள் நிப்பொன் என்கிற ஜப்பான் மொழிப் பரீட்சை பாஸ் பண்ணுவது. துரை ஒரு வேலை சொன்னால் இரண்டாம் தடவை கேட்காமல் செய்வது. அக்காவுக்கு மாதம் ஒரு கடிதம். துரைக்கு இரண்டாவது ரொம்பப் பிடித்துவிட்டது. என் தாளைத்தான் ஆபீஸ் சுவரில் எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டியிருக்கிறார்கள். ஏழாம் வகுப்போடு நின்ற இந்தச் சின்னக் கிராணி அடுத்த வருடம் பெரிய கிராணி நாற்காலியில் உட்கார்ந்தால் ஆச்சரியப்படாதே.

நீயும் மூன்று எழுதி அனுப்பு. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
நடராஜா

*

சுங்கைப் பட்டாணி
ஜனவரி 20

தம்பி நடராஜாவுக்கு உன் அக்கா மருதம்மாள் ஆசீர்வாதம்.

சொல்வது நான், எழுதுவது பக்கத்து வீட்டுக் கேதரின் டீச்சர். ஆகவே எழுத்து அழகாக இருக்கும், பேச்சு என்னுடையது. எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். உனக்குக் காய்ச்சல் வந்ததை விட்ட பிறகுதான் சொல்வாயா?

என் மூன்று தீர்மானம். ஒன்று, டீச்சரைத் தொந்தரவு செய்யாமல் என் கடிதத்தை நானே எழுதுவது. நீ தோட்டத்துக்குப் போனதிலிருந்து போட்ட கடிதம் எல்லாம் என் பெட்டியில் இருக்கிறது. அதன்மேல் தாளை வைத்து, நீ எழுதிய எழுத்தின் மேலேயே எழுதிப் பழகுகிறேன். இரண்டு, தையல்கடையில் எத்தனை நாளைக்குப் பட்டன் துளை மட்டும் போட்டுக்கொண்டிருப்பது? இந்த வருடம் ஒரு ரவிக்கையாவது நானே வெட்டித் தைப்பது. மூன்று, உன் அத்தான்மேல் எரிந்து விழாமல் இருப்பது. இதைக் கேட்டு டீச்சர் சிரிக்கிறாள். முடிந்ததை மட்டும் எழுத வேண்டும் என்கிறாயே, அதனால் வாரத்துக்கு ஒரு நாள் என்று குறைத்துக்கொள்கிறேன்.

ஒரு காரியம் கேட்கிறேன். பெட்ரோல் இல்லாமல் பஸ் ஓடவில்லை. பஸ் இல்லாமல் கண்டக்டர் எதற்கு? அவர் நான்கு மாதமாக வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார். வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறில்லை. தோட்டத்து ஆட்களுக்கு அரிசி கிடைக்கிறது என்கிறார்கள். உன் தோட்டத்தில் ஒரு வேலை போட்டுக் கொடு. நானும் பிள்ளையும் இங்கேயே இருக்கிறோம், கடை வேலையை விட முடியாது. அவரை உன் பொறுப்பில் அனுப்புகிறேன். உன்னை எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தவர் அவர்தான், ஞாபகம் இருக்கட்டும்.

உன் அக்கா
மருதம்மாள்

*

குருண்
மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அத்தானும் சுகம். நீயும் குணவதியும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

அத்தான் வந்து ஒரு மாதம் ஆகிறது. ரப்பர் ஷீட் காயப் போடும் புகைக்கூடத்தில் வேலை. முதல் வாரம் கண்ணெல்லாம் சிவந்து போனது, இப்போது பழகிவிட்டது. என்னோடு லயத்து அறையில்தான் இருக்கிறார். ஆட்களை வேலை வாங்கும் தண்டல் இருளப்பன் அண்ணனோடு நல்ல சிநேகம். காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவோம் இல்லையா, அங்கே அத்தான் பெயரைக் கூப்பிட்டால் "ரைட்" என்கிறார். இன்னும் பஸ் கண்டக்டர் புத்தி போகவில்லை. களமே சிரிக்கிறது.

போன வாரம் துரை நல்ல வேலையாட்கள் இருபது பேர் பெயர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அந்த இருபது பேருக்கும் ஆளுக்கு நாலு படி அரிசி, உப்பு, இரண்டு கஜம் துணி! விட்டுப் போனவர்கள் இன்னும் என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அத்தானையும் அதில் போட்டிருந்தேன். துணியை இத்தோடு அனுப்பியிருக்கிறார். உன் ரவிக்கையை அதிலேயே வெட்டு என்றார்.

பரீட்சை அடுத்த மாதம். நடக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே போகிறேன்.

தம்பி
நடராஜா

*

சுங்கைப் பட்டாணி
ஏப்ரல் 18

தம்பிக்கு

இது நான் எழுதுவது. டீச்சர் இல்லை. கை வலிக்கிறது.

நான் சுகம். பிள்ளை சுகம். நீ சுகமா. அவர் சுகமா. ரவிக்கை வெட்டினேன். ஒரு கை நீளம், ஒரு கை கட்டை. போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவரிடம் சொல். இரண்டு மாதமாகச் சண்டை இல்லை. ஆள் பக்கத்தில் இல்லை, அதனால். சீக்கிரம் ஒரு தரம் வந்து போகச் சொல், சண்டை போட வேண்டும்.

அக்கா

*

குருண்
மே 9

(இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்படவில்லை.)

அக்கா,

நான் சுகம் என்று எழுத வரவில்லை.

முப்பதாம் தேதி பரீட்சையில் பாஸானேன். செவ்வாய்க்கிழமை துரை, பட்டாளத்து அதிகாரி ஒருவரை ஆபீசுக்கு அழைத்து வந்தார். அவர் மடமடவென்று பேசினார். முப்பது பேர், நல்ல உடம்பு, வெள்ளிக்கிழமை. இவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது. எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். ஆபீசே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாஸாகி நாலு நாள்கூட ஆகவில்லை. புரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்? துரை சுவரில் இருந்த என் தாளைக் காட்டி அதிகாரியிடம் ஏதோ பெருமையாகச் சொன்னார். நான் புரிந்தவன் போல "ஹை" என்று தலையாட்டினேன்.

அரிசி என்றுதான் நினைத்தேன் அக்கா. போன தடவை போல அரிசி என்று. முதல் பெயராக அத்தான் பெயரை எழுதினேன். துரைக்கு ஒரு தாள், பெரட்டில் வாசிக்கத் தமிழில் ஒரு தாள். மத்தியானம் புகைக்கூடத்துக்கு ஓடிப்போய், "அத்தான், ஒங்க பேருதான் மொதல்ல" என்றேன். "மச்சான் கிராணியா இருந்தா இதான் லா சௌகரியம்" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை தண்டல் இருளப்பன் அண்ணனை வாசிக்கச் சொன்னார்கள். பெயர் சொல்லச் சொல்ல ஆட்கள் முன்னால் வந்தார்கள். எல்லார் கையிலும் சாக்கு. அரிசி வாங்கச் சாக்கு கொண்டுவந்திருந்தார்கள். லாரி வந்து நின்றது. துப்பாக்கிக்காரர்கள் இறங்கினார்கள். சயாமுக்கு ரயில் பாதை போட மூன்று மாத வேலை என்றார்கள். அத்தான் லாரியில் ஏறும்வரை சாக்கைக் கையில் வைத்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. நான்தான் ஏதோ செய்து நிறுத்தப் போகிறேன் என்று நினைத்தவர் மாதிரி பார்த்தார்.

நான் நிறுத்தவில்லை.

*

குருண்
மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் குணவதியும் நலமாக இருக்க வேண்டும்.

இதைப் படித்துப் பயப்படாதே. அத்தானையும் இன்னும் இருபத்தொன்பது பேரையும் சயாமுக்கு வேலைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்று மாதம்தான். சாப்பாடு, மருந்து எல்லாம் உண்டாம். பல தோட்டங்களிலிருந்தும் போகிறார்கள். பெரட்டில் தண்டல் இருளப்பன் பெயர் வாசித்தார், உடனே லாரியில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் செய்ய வழியில்லை.

கடிதங்களை வழியில் பிரித்துப் பார்க்கிறார்கள், ஆகவே அதிகம் எழுதவில்லை. பரீட்சையில் பாஸ்.

தம்பி
நடராஜா

*

சுங்கைப் பட்டாணி
ஜூன் 6

தம்பி நடராஜாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். என் உடம்பை விடு.

உன் கடிதத்தை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். டீச்சர் படித்திருந்தால் கொஞ்சம் மெதுவாகப் படித்திருப்பாள். படிக்கக் கற்றுக்கொண்டதே தப்பு என்று தோன்றியது.

அந்த இருளப்பன் வீட்டில் இவர் எத்தனை நாள் சாப்பிட்டிருப்பார்? சிநேகிதன் என்றாயே. வேலைக்கு ஆள் பொறுக்கிக் கொடுப்பது தண்டல்தானே, சிநேகிதன் பெயரையா எழுதிக் கொடுப்பான்? தன் பெயரை ஏன் போட்டுக்கொள்ளவில்லை? குருணிலிருந்து பாசாருக்குச் சாமான் வாங்க வந்த பெண்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். முப்பது வீட்டு வயிற்றெரிச்சலும் அவனைச் சும்மா விடாது. அவன் வீட்டில் விளக்கு எரியக்கூடாது.

நீ பக்கத்திலேயே இருந்தும் எப்படித் தம்பி விட்டாய்? கோபமாகக் கேட்கவில்லை. நீ சின்னப் பிள்ளை, உன்னால் என்ன முடியும்? ஒரு தரம் நேரில் வந்து போ. குணவதி ரயில் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறாள்.

அக்கா

*

குருண்
ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். ஜூலையில் எழுத முடியவில்லை, ஆபீசில் வேலை அதிகம். லீவும் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் முடிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். இன்னும் தகவல் இல்லை. பாதை வேலை முடியவில்லையாம்.

தண்டலைப் பற்றி வெளியில் ஒன்றும் பேசாமல் இருப்பது நல்லது. அவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை. குழாயடியில் அவர் மனைவி புஷ்பவள்ளி அக்கா குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். பேசாமல் இரு, அவ்வளவுதான்.

நடராஜா

*

சுங்கைப் பட்டாணி
நவம்பர் 2

நடராஜா,

நேற்றுக் கடைக்குப் புஷ்பவள்ளி வந்தாள். குருணிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கால் வீங்கியிருந்தது. நான் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருளப்பன் பெண்டாட்டிக்கு இங்கே தைக்கிறதில்ல" என்றேன். கடையே கேட்கும்படி சொன்னேன்.

அவள் மெஷின்மேல் ஒரு தாளை விரித்து வைத்தாள். "எங்க வீட்டுக்காரரு ஆறு மாசமா இத பெட்டியில பூட்டி வச்சிருந்தாரு. யார்கிட்டயும் காட்டாதன்னு சொன்னாரு. சின்னப் பையன், புத்தியில்லாம செஞ்சிட்டான், விடுன்னாரு. நான் விடமாட்டேன். என் புள்ளைய பார்த்துக் காறித் துப்புறாங்க. ஒனக்குத்தான் எழுத்துத் தெரியுமாமே, படிச்சுப் பாரு லா" என்றாள்.

படிக்கவே வேண்டியிருக்கவில்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒன்பது மாதமாக அந்த எழுத்தின்மேல் கையை வைத்து எழுதியவள் நான். ரகரத்தின் காலை நீ இழுக்கிற இழுப்பைக்கூட நானும் அப்படித்தான் இழுக்கிறேன்.

ஆனாலும் படித்தேன். அவள் கேட்கட்டும் என்று உரக்கவே படித்தேன். முதல் பெயர் பரஞ்சோதி. கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. பிரசவ வலியில்கூடச் சொன்னதில்லை. நேற்றுத்தான் முதல் தடவை, ஒரு தையல்கடையில், உன் எழுத்தைப் பார்த்துச் சொன்னேன்.

பிறகு எழுந்து அவள் காலைப் பிடித்தேன். அவள் தடுக்கவில்லை.

மருதம்மாள்

*

குருண்
டிசம்பர் 12

அக்காவுக்கு,

சுகம் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

எழுதியது நான்தான். அரிசிக்கு என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை, கேட்டால் பாஸானவனுக்குப் புரியவில்லை என்று ஆகிவிடும். அவ்வளவு சின்னக் காரணம் அக்கா. மே மாதமே உனக்கு எல்லாம் எழுதினேன், அனுப்பப் பயந்து மடித்து வைத்துவிட்டேன். இருளப்பன் அண்ணன்மேல் பழி விழுந்தபோது பேசாமல் இருந்தேன். முதலில் செய்ததைவிட அது பெரிய பாவம் என்று தெரிந்தும் இருந்தேன்.

இப்போது நம் கெடா மாநிலத்தைச் சயாம்காரனிடம் கொடுத்துவிட்டார்கள். கொடி மாறிவிட்டது, துரை மாறவில்லை. பாதையைப் பராமரிக்க இன்னும் ஆள் எடுக்கிறார்கள். ஜனவரி ஐந்தாம் தேதி லாரி. நானே பெயர் கொடுத்திருக்கிறேன். மொழி தெரிந்தவன் என்பதால் அத்தானைத் தேட விடுவார்கள். கிடைத்தால் அவரை அனுப்பிவிட்டு நான் இருந்துகொள்வேன். கிடைக்காவிட்டால் திரும்பமாட்டேன்.

குணவதிக்கு மாமா முத்தம்.

நடராஜா

*

சுங்கைப் பட்டாணி
டிசம்பர் 21

நடராஜா,

இது ஐந்தாம் தேதிக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும் என்று கேதரின் டீச்சரின் தம்பி ஜெரார்டிடம் கொடுத்தனுப்புகிறேன். அவன் ரயிலில் வேலை செய்கிறவன்.

போகாதே.

நீ போவது அவருக்காக இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்கப் போகிறாய். அங்கே போய்ச் செத்தால் நல்லவன் என்று பெயர் வரும். இங்கே இருளப்பன் அண்ணன் சாகிறவரைக்கும் ஆள்காட்டியாகவே இருப்பார். ஒருத்தரை அந்த லாரிக்குக் கொடுத்தது போதும். உன்மேல் கோபப்படவாவது நீ உயிரோடு இருக்க வேண்டாமா?

பெரிதாக ஒன்றும் செய்யாதே. பெரிதாகச் செய்ய உனக்கு வராது. உன்னால் முடிந்தது ஒன்று இருக்கிறது. பெரட்டில் எல்லோரும் நிற்கும்போது அந்த முப்பது பெயரையும் வாசி. எழுதியது யார் என்று சொல். இருளப்பன் அண்ணன் பக்கத்தில் நின்று சொல்.

இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. பதில் போடு.

மருதம்மாள்

*

குருண்
ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஜெரார்ட் மூன்றாம் தேதி வந்து கடிதத்தைக் கொடுத்தார். லாரி போய்விட்டது. கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டேன், நான் ஏறவில்லை.

நாலாம் தேதி காலைப் பெரட்டில் இருளப்பன் அண்ணனைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னேன். முப்பது பெயரையும் வாசித்தேன். ஆள் வராவிட்டால் அந்த வீட்டிலிருந்து ஒருவர் பதில் சொல்வதுதானே இங்கே வழக்கம்? பழக்கத்தில் பெண்கள் ஒவ்வொருவராக, "சயாமுக்குப் போயிருக்காரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அத்தான் பெயருக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு ஆள் நான்தான்.

"சயாமுக்குப் போயிருக்காரு. இந்த முப்பது பேரையும் எழுதிக் குடுத்தது நான். தண்டல் இல்ல" என்றேன்.

லாரியில் போன முனியாண்டியின் மனைவி ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் தூக்கி எறிந்தாள். தோளில் பட்டது. இன்னொருத்தி மண்ணை வாரி இறைத்தாள். இருளப்பன் அண்ணன் குறுக்கே வந்து நிற்கவும் இல்லை, நகரவும் இல்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு, "எட்டு மாசம் தம்பி" என்றார்.

பெரட்டில் கலாட்டா செய்தேன் என்று துரை என்னை ஆபீசிலிருந்து எடுத்துவிட்டு, கையில் ரப்பர் மரம் சீவும் கத்தியைக் கொடுத்தார். இப்போது மனோகரன் என்ற புதுக் கிராணிதான் பெயர் கூப்பிடுகிறார். சயாமுக்குப் போனவர்கள் பெயரைப் பட்டியலிலிருந்து இன்னும் அடிக்கவில்லை, ஆகவே தினமும் அத்தான் பெயரும் வருகிறது. இந்த வருடத்துக்கு என் தீர்மானம் ஒன்றுதான். அந்தப் பெயர் வரும்போதெல்லாம், சயாமுக்குப் போயிருக்கிறார், எழுதியது நான் என்று பதில் சொல்வது. காலையில் ஒரு தடவை. ஐந்து நாளாகச் சொல்கிறேன். சொல்லிவிட்டுத்தான் மரம் சீவப் போகிறேன்.

பதில் எதிர்பார்க்கவில்லை. மாதம் ஒரு கடிதம் நான் போடுவேன்.

தம்பி
நடராஜா

*

சுங்கைப் பட்டாணி
ஜனவரி 30

தம்பி நடராஜாவுக்கு,

குணவதிக்குச் சளி, மற்றபடி பரவாயில்லை. கத்தி பழகும்வரை கையில் துணியைச் சுற்றிக்கொள்.

அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன். வரவில்லை. இல்லாததை எப்படி எழுதுவது?

இன்று பாசாரில் புஷ்பவள்ளி அக்காவைப் பார்த்தேன். குழாயடியில் இப்போது அவள் குடத்துக்கும் இடம் விடுகிறார்களாம். நீ தினமும் சொல்வது நிஜந்தானா என்று விசாரித்தேன். சொல்கிறாயாம். ஆனால் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுக்கிறாயாம். பின்வரிசையில் கைப்பிள்ளையோடு நிற்கிறவர்கள் காதில் விழவில்லையாம்.

நிமிர்ந்து நின்று உரக்கச் சொல்.

அக்கா